தாகம்தான் முதல் கடன்

திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வர்ற நம்ம ஊர்க்காரங்க முதல்ல ஆச்சரியப்படுறது ஓட்டல் தண்ணியைப் பாத்துதான். பதிமுகம் போட்டு கொதிக்க வச்சு, இளஞ்சிவப்பு கலர்ல சூடா ஊத்துவாங்க. ஊருக்குள்ள இவ்வளவு உஷாரா இருக்குற ஜனம், போணக்காடு வழியா அகஸ்தியர்கூடம் ஏறும்போது மட்டும் "மூலிகைத் தண்ணி சார்"னு அப்படியே அள்ளிக் குடிக்குது!

ஓடுற தண்ணி, தெளிஞ்ச தண்ணி எல்லாம் சுத்தமான தண்ணி இல்லீங்க. மேல யானை இறங்கியிருக்கும். எலி மாதிரி பிராணிகளோட சிறுநீர் கலந்தா எலிக்காய்ச்சல் வரும். 2018 வெள்ளத்துக்கு அப்புறம் கேரள சுகாதாரத் துறை டாக்சிசைக்ளின் மாத்திரையை அள்ளிக் கொடுத்தது இதுக்காகத்தான்.

நல்லா தளதளன்னு ஒரு நிமிஷம் கொதிச்சா போதும் (2000 மீட்டருக்கு மேலன்னா 3 நிமிஷம், அகஸ்தியர்கூடம் 1868 மீட்டர்தான்). ஆனா காஞ்ச காட்டுல தீ எவ்வளவு வேகமா பரவும்னு 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் பாத்தோமே! அதனால என் ஓட்டு குளோரின் மாத்திரைக்கு. துண்டை நாலா மடிச்சு தண்ணியை வடிகட்டி, அட்டையில போட்டிருக்குற அளவுக்கு மாத்திரை போட்டு, அரை மணி நேரம் பொறுங்க. அதுவும் இல்லையா? தெளிஞ்ச தண்ணியை நிறமில்லாத பெட் பாட்டில்ல ஊத்தி 6 மணி நேரம் நல்ல வெயில்ல படுக்க வைங்க. மேகமூட்டம்னா ரெண்டு நாள்.

வழி தவறிட்டீங்க, கையில எதுவுமே இல்ல, நாக்கு வறண்டு போச்சு. அப்போ? "குடிக்கவே கூடாது"ன்னு சொல்றவங்களோட எனக்கு உடன்பாடு இல்ல. குடிங்க!

பேங்க்காரன் கணக்கு இது. தாகம் இன்னிக்கு ட்யூ ஆன கடன். கிருமி பெரும்பாலும் பிறகு ட்யூ ஆகுற கடன். எலிக்காய்ச்சல் தலைகாட்ட பொதுவா 5 முதல் 14 நாள் ஆகும், சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போனா மருந்து இருக்கு. 2022 பிப்ரவரியில மலம்புழா மலை இடுக்குல ஒரு பையன் 40 மணி நேரத்துக்கு மேல தண்ணியில்லாம மாட்டிக்கிட்டு, ராணுவம் போய் மீட்டதே. அந்த நிலைமையில பக்கத்துல ஊத்து இருந்தா, கொதிக்க வச்சதான்னா கேட்டுக்கிட்டு இருப்போம்?

ரெண்டு கண்டிஷன். எஸ்டேட் பூச்சிமருந்து கலந்திருக்குமோன்னு சந்தேகம் வந்தா தொடாதீங்க, அது கொதிக்க வச்சாலும் போகாது. திரும்பி வந்து காய்ச்சலோ பேதியோ வந்தா, "காட்டுத் தண்ணி குடிச்சேன்"னு டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க.

பி.கு: அமீபா மூளைக்காய்ச்சல் குடிக்கிறதால வராது, மூக்கு வழியா ஏறுறது. அதனால தேங்கின குட்டையில முங்கி எழுந்திரிக்க வேண்டாம் சாமிகளா :-)