தகரப் பேணியில் அமிர்தம்

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, வாவிக் கரையில், மாமாங்கேசுவரர் ஆலயத்தைத் தன்னகத்தே கொண்ட ஊருக்கு அமிர்தகழி என்று பெயர். பெயரிட்டோர் வாழ்க! ஆனால் அவ்வூர்க் குழந்தைக்கு ஊட்டப்படும் அமிர்தம் இன்று எங்கிருந்து வருகிறது? வாவியிலிருந்தன்று, வயலிலிருந்தன்று, படுவான்கரைப் பட்டிகளிலிருந்துமன்று. கடல் பல கடந்து, நியூசிலாந்திலிருந்து பொதியாகவும் பேணியாகவும் வந்து இறங்குகிறது. 2022 மார்ச்சில் 400 கிராம் பால்மாப் பொதியின் விலை ஒரே நாளில் 250 ரூபாவால் உயர்ந்தபோது, பிள்ளை பெற்ற வீடுகள் பட்ட பாட்டை நாம் மறந்துவிடவில்லை.

பால்மா வணிகம் பழைய கதைதானே, அதை இப்போது கிளறுவானேன் என்று கேட்பவர்கள் இருக்கலாம். வணிகம் பழையது, அது போர்த்துக்கொண்டிருக்கும் போர்வை புதியது. தாயின் பால் போதாது என்று சொல்லி நேற்று விற்றார்கள். பால் ஒவ்வாது என்று சொல்லி இன்று விற்கிறார்கள். பசுப்பால் மாவை விற்கும் அதே நிறுவனம், பசுப்பால் ஒவ்வாத குழந்தைக்கென்று அதனினும் விலை கூடிய வேறொரு மாவையும் விற்கிறது. நோயும் மருந்தும் ஒரே கடையில்!

இவ்வணிகத்தின் பூர்வீகம் நம் ஆசிரியர்களும் மாணவர்களும் அறிந்திருக்க வேண்டியதாகும். 1939 ஆம் ஆண்டு சிங்கப்பூரில், கனவான்கள் கூடிய ரோட்டரிக் கழகத்தில், சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் வைத்தியர் ஓர் உரை நிகழ்த்தினார். அவர் தம் உரைக்கு இட்ட தலைப்பு ‘பாலும் கொலையும்’. இனிப்பூட்டிய டின்பாலைத் தாய்ப்பாலுக்கு ஈடென்று ஏழைத் தாய்மாரை நம்பவைத்துக் குழந்தைகளைச் சாகவிடுவது கொலைக்கு ஒப்பானதென்று அவர் முகத்துக்கு நேரே கூறினார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 1974 இல், ‘குழந்தைக் கொலையாளி’ என்னும் சிறு நூல் இலண்டனில் வெளியாயிற்று. அதை ஜெர்மன் மொழியில் வெளியிட்ட சுவிட்சர்லாந்து இளைஞர்கள், நெஸ்லே நிறுவனத்தின் பெயரையே தலைப்பில் பொறித்தார்கள். நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1976 இல் நீதிபதி அவ்விளைஞர்களை அவதூறுக் குற்றவாளிகளெனக் கண்டு ஆளுக்கு 300 பிராங்கு தண்டம் விதித்தார். அதே மூச்சில், விளம்பர முறையை மாற்றிக்கொள்ளும்படி நிறுவனத்துக்கும் புத்தி சொன்னார். வென்றவர் யார், தோற்றவர் யார் என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும். 1981 மே 21 அன்று உலக சுகாதார மாநாடு தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களின் விற்பனைக்கு நெறிகள் வகுத்தது. ஆதரித்தவை 118 நாடுகள்; எதிர்த்தது அமெரிக்கா ஒன்றே.

நம் நாடும் எண்பதுகளிலேயே தன் விதிகளை வகுத்தது. அவை 2002 இல் திருத்தப்பட்டன. அவ்விதிகளின் துணையோடு, வீடு வீடாக ஏறி இறங்கும் நம் மருத்துவமாதரின் உழைப்பால், முதல் ஆறு மாதத்தில் தாய்ப்பால் ஒன்றையே பருகும் குழந்தைகள் 2016 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 82 பேர். செல்வ நாடுகள் பலவும் எட்டாத உயரம் இது. பொதுச் சுகாதாரம் என்பது பணக்காரருக்கே கூடும் என்று பேசுவோர் இந்த எண்ணை மனனம் செய்துகொள்வார்களாக. முன்வாசல் அடைபட்டதும் வணிகர் பின்வாசல் கண்டார்கள். ‘வளரும் பிள்ளைக்கான பால்’ என்று ஒரு புதிய சரக்கு பிறந்தது. மூன்று வயது வரைக்குமான இத்தகைய மாக்களும் தாய்ப்பாலுக்கு மாற்றானவையே என்று உலக சுகாதார நிறுவனம் 2016 இல் தெளிவாக்கிய பின்னரும் அதன் விளம்பரம் ஓயவில்லை.

ஒவ்வாமை என்பது பொய்யென்று நாம் கூறவரவில்லை. அது மெய்யான நோய். பசுப்பாலின் புரதத்தை உடல் பகையென்று கருதிப் போர் தொடுப்பதே அது. தோல் தடிக்கும், உதடு வீங்கும், வாந்தி ஓயாது, மலத்தில் இரத்தம் தோன்றலாம், அரிதாக மூச்சே அடைபடும். ஆனால் அது எத்தனை பேருக்கு வருகிறது? ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் ஏறத்தாழ 12,000 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்து, ஐயத்துக்குரியவர்களை முறைப்படி சோதித்த ஆய்வொன்று 2015 இல் வெளியாயிற்று. இரண்டு வயதுக்குள் பசுப்பால் ஒவ்வாமை உறுதியானது இருநூறு பேருக்கு ஒருவர் என்னும் அளவிலேயே. இதனோடு இங்கிலாந்தின் மருந்துச்சீட்டுகளை ஒப்பு நோக்குக. அங்கே ஒவ்வாமைக் குழந்தைகளுக்கான தனி மாவுக்கு 2006 இல் எழுதப்பட்ட சீட்டுகள் ஏறத்தாழ 105,000. 2016 இல் 600,000 க்கும் மேல். பத்தாண்டுகளில் குழந்தைகளின் உடல் இவ்வாறு மாறிவிடுமா? அழுகை, கக்கல், கன்னத்துச் சிறு பொரி என்று எல்லாக் குழந்தைக்கும் வந்து போகும் குறிகளையே நோய்க்குறியென்று எழுதிய வழிகாட்டு நூல்களின் ஆசிரியர் பலர் மா நிறுவனங்களிடம் பணம் பெற்றவர்கள் என்பதைப் பிரித்தானிய மருத்துவ இதழே 2018 இல் அம்பலப்படுத்தியது.

நம்மூரில் இதற்கு முன்பே ஒரு சொல் உண்டு: கிரந்தி. இறால் கிரந்தி, கத்தரிக்காய் கிரந்தி, முட்டை கிரந்தி என்று பிள்ளையின் வாயைக் கட்டுவதும், பால் ஒத்துக்கொள்ளவில்லையென்றால் ஆட்டுப்பாலைத் தேடி ஓடுவதும் வழக்கம். ஆட்டுப்பாலின் புரதம் பசுப்பாலின் புரதத்துக்கு உடன்பிறப்புப் போன்றது. ஒன்றுக்குப் பகையான உடல் மற்றதற்கும் பெரும்பாலும் பகையே. நகரத்துப் படித்த வீடுகளோ பாதாம்பால், ஓட்ஸ்பால் என்னும் பெட்டிகளை நாடுகின்றன. பாலென்று பெயர் சூட்டியதால் தண்ணீர் பாலாகிவிடாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இவற்றுள் எதுவும் தாய்ப்பாலுக்கு ஈடன்று. அரிசிப் பானத்தில் ஆர்செனிக் நஞ்சு சேர்வதால் ஐந்து வயதுக்கு முன் அதைப் பாலுக்குப் பதிலாகக் கொடுக்கவேண்டாமென்று பிரித்தானியச் சுகாதாரத் துறை அறிவுறுத்துகிறது. சோயா மாவின் கதை இன்னும் கொடிது. 2003 இல் ஹுமானா என்னும் ஜெர்மன் நிறுவனம் செய்து, ரெமீடியா என்னும் நிறுவனம் இஸ்ரேலில் விற்ற சோயாக் குழந்தை மாவில், தயமின் என்னும் உயிர்ச்சத்து போதிய அளவு இல்லாமற் போயிற்று. அதையே முழு உணவாக உண்ட குழந்தைகளுட் சில இறந்தன. உயிர் தப்பிய பல மீளாத ஊனமுற்றன. ஒரு குழந்தையின் உயிர் முழுவதையும் ஒரு பேணியின் மீது ஏற்றிவைத்தால், அப்பேணியில் நேரும் ஒரு பிழையே கூற்றாகிவிடும்.

உண்மையாகவே பசுப்பால் ஒவ்வாத அந்த ஒரு குழந்தைக்கு என்ன வழி? தாய்ப்பால் இருந்தால் அதுவே முதல் வழி. வைத்தியர் சொன்னால் தாய் சிலகாலம் பாலுணவை விலக்கவேண்டி வரலாம். தாய்ப்பால் இல்லையெனில், புரதத்தை நுண்ணிதாகச் சிதைத்த தனி மாவே வேண்டும். அதன் விலை கூலிக்காரன் வீட்டுக்கு எட்டாதது. வைத்தியர் சோதித்து உறுதி செய்த குழந்தைக்கு அரசாங்க ஆஸ்பத்திரி அதை இலவசமாகக் கொடுக்கவேண்டும் என்பதே நம் கோரிக்கை. தேவையானவனுக்கு எட்டாத விலையில், தேவையற்றவனுக்கு அச்சமூட்டி விற்பதுதான் சந்தையின் நியாயம்.

அச்சத்தால் நேர்ந்த கேடு ஒன்றைக் கேளுங்கள். 2000 ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகம், ஒவ்வாமைக் குடும்பத்துக் குழந்தைக்கு மூன்று வயதுவரை கச்சான் கொடாதீர்கள் என்று உபதேசித்தது. ஆதாரமில்லையென்று 2008 இல் அதைக் கைவிட்டது. பின்னர் இலண்டனில் 640 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2015 இல் வெளியானது. முதல் வயதிலேயே கச்சானை உண்ணத் தொடங்கியவர்களுள் கச்சான் ஒவ்வாமை, விலக்கி வைத்தவர்களைவிட ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. ஆகவே மாமாங்கத் திருவிழாவில் வாங்கிவந்த கச்சானை நன்றாக அரைத்து, ஆறு மாதம் கடந்த பிள்ளையின் கஞ்சியிற் கலக்கலாம். முழுக் கச்சான் மட்டும் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கடுமையான தோல் அழற்சியோ முட்டை ஒவ்வாமையோ உள்ள பிள்ளைக்கு வைத்தியரைக் கேட்டபின் கொடுக்கவேண்டும். முட்டை, வாவி மீன், பயறு, குரக்கன், தேங்காய்ப்பாலிற் சமைத்த கீரை எல்லாம் ஒவ்வொன்றாக, சிறிது சிறிதாக வரட்டும். இவற்றுக்கு விளம்பரம் இல்லை; ஏனெனில் இவற்றால் எந்த ஏகபோகத்துக்கும் இலாபம் இல்லை.

இவ்விடத்தில் சிலர் தாய்மையின் மாண்பைப் பற்றிப் பிரசங்கம் செய்ய எழுவார்கள். அவர்களை உட்காரச் சொல்கிறோம். பிரசங்கம் பால் சுரப்பிக்காது. மகப்பேற்று விடுமுறை 84 நாள் என்றும், குழந்தைக்கு ஒரு வயது வரை பாலூட்ட நாளுக்கு இருமுறை இடைவேளை என்றும் சட்டம் இருக்கிறது. ஆனால் அது மாதச் சம்பளக்காரிக்கே பயன்படுகிறது. வயலில் நாட்கூலிக்குப் போகிறவளுக்கும், இறால் உரிக்கிறவளுக்கும், பிறர் வீட்டில் சட்டி கழுவுகிறவளுக்கும் எந்த விடுமுறை? கடன்காரன் வாசலில் நிற்கையில் அவள் போத்தலில் மாக்கரைத்து, கிழவியிடம் கொடுத்துவிட்டுப் போகிறாள். பால்மாவின் மிகப் பெரிய விற்பனையாளன் விளம்பரக்காரனல்லன். கூலி கொடுக்காத முதலாளி.

ஒரு வயது கடந்த பிள்ளைக்குப் பசுப்பால் உணவில் ஒரு பகுதியாகலாம். அதற்கு முன் அதைக் குடிபாலாகக் கொடுப்பது இரத்தசோகைக்கு வழி செய்யும். அந்தப் பாலுக்குத்தான் பஞ்சமா? சட்டித் தயிருக்குப் பேர்போன மாவட்டம் இது. அதன் மேற்கெல்லையில், மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்றரையில் வெளியார் வந்து பயிரிட்டதால் பட்டிகள் ஒதுங்க இடமின்றி அலைந்தன. மாடுகள் கொல்லப்பட்டதாகப் பண்ணையாளர் முறையிட்டனர். 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் அவர்கள் தொடங்கிய அறப்போராட்டம் மாதக்கணக்காக நீண்டது. நிலமற்ற ஏழையை மேய்ச்சல் நிலத்தில் குடியேற்றி, மாடுடைய ஏழையோடு மோதவிட்டவர்கள் யாரென்பதை இரு தரப்பு உழவரும் கேட்கவேண்டும். பட்டிக்காரன் தெருவில் குந்தியிருக்க, அவன் பேரப்பிள்ளைக்கு அந்நியப் பால்மா!

வளைகுடா வீடுகளுக்கு வேலைக்குப் போகும் தாய்மாரின் கதை இதன் உச்சம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் போகக்கூடாதென்று 2013 இல் அரசாங்கம் தடை போட்டது. ஊரில் அவளுக்குக் கூலி கொடுக்கும் வேலை ஒன்றையும் உண்டாக்கவில்லை. 2022 இல் அந்நியச் செலாவணி வற்றியதும் ஐந்து வயது இரண்டு வயதாகக் குறைந்தது. அவள் அனுப்பும் டொலரில் ஒரு பங்கு, அவள் விட்டுச் சென்ற குழந்தைக்கான பால்மாவை இறக்குமதி செய்யவே திரும்பிப் போகிறது.