தோளையும் சோதியுங்கள்

நீரிழிவு உள்ளவர்களுக்குக் கண்ணையும் பாதத்தையும் ஆண்டுதோறும் சோதிக்கிறோம். தோளையும் அவ்வரிசையில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

முதல் வகை நீரிழிவோடு பல்லாண்டுகள் வாழ்பவர்களுக்குத் தோள்மூட்டு இறுக்கம் மற்றவர்களைவிட மிகுதியாக வருகிறது. இரத்தத்தில் நெடுநாள் மிகுந்திருக்கும் சர்க்கரை, மூட்டைச் சூழ்ந்த உறையின் கொலாஜன் இழைகளோடு பிணைந்து அவற்றை விறைக்கச் செய்வது இதற்கு ஒரு காரணமாகும்.

சேலம், நாமக்கல் பகுதிகளில் இதனைச் சுளுக்கு என்றும் வாயுப்பிடிப்பு என்றும் எண்ணி, நீவிவிட்டுக் காலம் கடத்துவோர் உண்டு. இறுகிய தோள் இளக ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். விசைத்தறியிலோ லாரி பாடி கட்டும் பட்டறையிலோ உழைப்பவருக்கு அது பிழைப்பையே முடக்கும்.

ஆகவே, தலை வாரவோ, சட்டை மாட்டவோ, கையை முதுகுப்புறம் கொண்டு செல்லவோ கடினமானால், அடுத்த பரிசோதனை வரை காத்திராமல் மருத்துவரிடம் கூறுங்கள். வலிக்கு அஞ்சிக் கையை அசைக்காமல் கட்டிவைக்காதீர்கள். இயன்முறை மருத்துவர் கற்பிக்கும் பயிற்சியை நாள்தோறும் செய்யுங்கள். தோளில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாள்கள் சர்க்கரை ஏறும். இன்சுலின் அளவை எவ்வாறு மாற்றுவது என்பதை முன்னதாகவே கேட்டறியுங்கள். மருத்துவமனைக்கு வர இயலாதவர்களுக்கு, 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டிலேயே வழங்கப்படுகிறது. அதனைக் கேட்டுப் பெறுங்கள்.