ஒரே விளையாட்டு, பல வாயில்கள்
கோப்பன்ஹேகனைத் தலைமையிடமாகக் கொண்ட ஐஓ இன்டராக்டிவ் நிறுவனம், 'ஹிட்மேன் 3' விளையாட்டைக் கணினியில் 2021 ஜனவரி 20 அன்று எபிக் இணையக் கடையில் மட்டும் வெளியிட்டு, ஓராண்டு கழித்தே ஸ்டீம் என்னும் போட்டிக் கடைக்குக் கொண்டுவந்தது. முந்தைய பாகங்களை ஸ்டீமில் வாங்கியிருந்தோர், அவற்றின் களங்களைப் புதிய பாகத்தில் திறக்க இயலாமல் சில வாரங்கள் காத்திருந்து, பின்னர் நிறுவனத்தின் தனிக் கணக்கோடு ஸ்டீம் கணக்கை இணைத்தே அவற்றைப் பெற்றனர். விளையாட்டைத் தரவிறக்கி, உரிமையைச் சரிபார்த்து, இயக்கித் தரும் மென்பொருளாகிய லாஞ்சர், உண்மையில் கடைக்காரரின் வாயிற்காவலனே. பல லாஞ்சர்களின் இருப்பை ஒரே திரையில் திரட்டிக் காட்டும் பிளேநைட் போன்ற முகப்பு மென்பொருள், அந்தக் காவலனைப் பெயர்சொல்லி அழைக்குமேயன்றி அகற்றாது. கன்ட்ரோலரைக் கையிலெடுக்கும்போதுதான் கடைகளுக்கிடையிலான இந்தப் பிரிவினையின் விலை தெரியவருகிறது: பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரின் பொத்தான்களை எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலருடையவை போல மாற்றிக் காட்டும் இடைப்படலத்தை ஸ்டீம் தன்னுள் வைத்திருப்பதால், எபிக் வழியே தொடங்கும் விளையாட்டுக்கு அது தானாகக் கிட்டுவதில்லை, வலிந்து இணைத்தாலோ, மெய்க்கருவியும் போலிக்கருவியும் ஒருசேரப் பதிவாகி, கீழ்ப்பொத்தானை ஒருமுறை அழுத்த, பட்டியலில் தேர்வு இரண்டு வரி தாவுவதும் உண்டு. இதைப் பயனரின் அமைப்புப் பிழையாகக் கருதும் வழக்கம் பொருந்தாது. கடைகள் தனித்தனியே பிரிந்து நிற்பதன் வேலைப்பளுவை, விலைகொடுத்து வாங்கியவரே சுமக்கிறார்.