மத்தியதரைக் கடலுக்கு ஓர் எண்ணெய், நம் கடலுக்கு வேறோர் எண்ணெயா?



புகையைக் கழுவும் கருவி பொருத்தப்படாத ஒரு சரக்குக் கப்பல் கொழும்பிலிருந்து புறப்பட்டு, அரபிக் கடலையும் செங்கடலையும் கடந்து, சூயஸ் கால்வாய் வழியாக மத்தியதரைக் கடலை நெருங்குகிறது எனக் கொள்வோம். அக்கடலுக்குள் நுழையும் முன் அதன் இயந்திர அறையில் எண்ணெய் மாற்றப்பட வேண்டும். 2025 மே 1 முதல் அங்கே எரிக்கப்படும் எண்ணெயில் கந்தகம் 0.1 விழுக்காட்டைத் தாண்டலாகாது. அதுவரை கடந்துவந்த கடல்களில் அனுமதிக்கப்பட்ட அளவோ 0.5 விழுக்காடு. திரும்பி நம் பக்கம் வரும்போது அக்கப்பல் பழைய எண்ணெய்க்கே மாறிக்கொள்ளலாம். சட்டம் அதைத் தடுக்கவில்லை.

இந்த வேறுபாட்டைப் பற்றியே நாம் இங்குப் பேச விரும்புகிறோம். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், அதிராம்பட்டினம் என நம் ஊர்கள் பல கடலைப் பார்த்தே அமைந்தவை. மரக்கலம் ஓட்டிய மரபினர் நாம். இன்றும் கப்பல் வேலைக்குச் சென்ற பிள்ளைகளின் தொலைபேசி அழைப்புக்குக் காத்திருக்கும் தாய்மார் நம்மிடையே உண்டு. கப்பலின் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் அப்பிள்ளைகள்தாம். அடுத்து, துறைமுகத்தை ஒட்டிக் குடியிருக்கும் மக்கள்.

கப்பல்கள் காலங்காலமாக எரித்துவந்தது பங்கர் எண்ணெய். கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து, நல்லதையெல்லாம் பிரித்தெடுத்த பின் எஞ்சும் கசடு அது. சூடாக்கினால்தான் ஓடும் அளவுக்குக் கெட்டியானது. அதிலுள்ள கந்தகம் எரிந்து, காற்றில் நுண்துகள்களாக மாறி, நுரையீரலுக்குள் ஆழமாகச் செல்கிறது. 2020 ஏப்ரல் முதல் இந்தியாவில் நம் வண்டிகளுக்கு விற்கப்படும் டீசலில் கந்தகத்தின் உச்ச அளவு பத்து லட்சத்தில் பத்துப் பங்கு. கப்பலுக்கு இன்று அனுமதிக்கப்பட்டிருப்பது அதைப்போல் ஐந்நூறு மடங்கு! சாலையில் புகை கக்கும் லாரியைக் கண்டு முகம் சுளிக்கும் நாம், கரையில் நிற்கும் கப்பலின் புகைபோக்கியை நிமிர்ந்து பார்த்ததுண்டா?

சர்வதேசக் கடல்சார் அமைப்பு 1997இல் வகுத்த காற்று மாசு விதிகள் 2005இல்தான் நடைமுறைக்கு வந்தன. அப்போதைய வரம்பு 4.5 விழுக்காடு, 2012இல் 3.5 ஆனது. 0.5 என்ற இன்றைய வரம்பை 2020இல் கொண்டுவருவதா, 2025க்குத் தள்ளிப்போடுவதா என்று 2016 அக்டோபரில் லண்டனில் விவாதம் நடந்தது. எண்ணெய் போதாது, கட்டணம் ஏறும் என்ற அச்சம் ஒருபுறம். ஐந்தாண்டுகள் தள்ளிப்போட்டால் உலகெங்கும் கூடுதலாக 5,70,000க்கும் மேற்பட்டோர் அகால மரணமடைவர் என்ற ஆய்வு மறுபுறம். ஃபின்லாந்து முன்வைத்த ஆய்வு அது. உறுப்பு நாடுகள் 2020ஐயே தேர்ந்தன. விதி வந்தது, கடல் வணிகம் நின்றுவிடவில்லை. இன்று கடுமையான விதிகளைக் கேட்போரிடம் அதே அச்சத்தை எடுத்துக்காட்டுவோர் இதை நினைவில் கொள்வது நலம்.

இனி வரவிருப்பவை எவை? கனடாவின் ஆர்க்டிக் கடற்பகுதிக்கும் நார்வேக் கடலுக்கும் 0.1 விழுக்காட்டு வரம்பு 2027 மார்ச்சில் நடைமுறைக்கு வருகிறது. போர்ச்சுகல் முதல் கிரீன்லாந்து வரை விரியும் வடகிழக்கு அட்லாண்டிக் பகுதிக்கு 2025 ஏப்ரலில் கொள்கையளவில் ஒப்புதல் கிடைத்தது. பால்டிக் கடலும் வட கடலும் வட அமெரிக்கக் கரைகளும் ஏற்கெனவே இவ்வரம்புக்குள் உள்ளன. இந்தியப் பெருங்கடலில் இத்தகைய ஒரு பகுதிகூட இல்லை.

இங்குக் கப்பல்கள் குறைவு என்பதா காரணம்? இலங்கையின் தென்முனையிலிருந்து சுமத்ரா நோக்கிச் செல்லும் கப்பல் தடம், காற்றிலுள்ள நைட்ரஜன் டை ஆக்சைடை அளக்கும் செயற்கைக்கோள் படங்களில் ஒரு கோடாகவே தெரிகிறது. அந்தத் தடத்தின்மேல், இருபுறமும் உள்ள கடலைவிட ஏறத்தாழ இரு மடங்கு மின்னல் வெட்டுவதை 2017இல் அறிவியலாளர் வெளியிட்டனர். புகைத்துகள்கள் மேகங்களையே மாற்றிவிட்டிருந்தன. 2020க்குப் பின் அந்த மின்னல் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. கந்தகப் புகை மேகங்களை வெளுப்பாக்கி வெயிலைச் சற்று மறைத்துவந்தது என்பதும் உண்மை. அது குறைந்ததால் வெப்பம் சிறிது கூடியிருப்பதாக ஆய்வாளர்கள் கூறுகின்றனர். அதற்காகக் குழந்தைகள் புகையைச் சுவாசிக்கட்டும் என்று யாரும் வாதிட முடியாது.

காரணம் எளியது. இத்தகைய பகுதியை எவரும் தாமாக வழங்குவதில்லை. கரையோர நாடுகள் ஒன்றுகூடி, சான்றுகளைத் திரட்டி விண்ணப்பிக்க வேண்டும். மத்தியதரைக் கடலின் தென்கரையிலுள்ள முஸ்லிம் நாடுகளும் அவ்வாறு ஐரோப்பிய நாடுகளுடன் சேர்ந்தே அதைப் பெற்றன. இந்தியாவும் இலங்கையும் மாலத்தீவும் வங்கதேசமும் ஒரே மேசையில் அமர இயலாதா?

கழுவும் கருவியைப் பற்றியும் ஒரு சொல். ஸ்க்ரப்பர் எனப்படும் இதைப் பொருத்திய கப்பல் மலிவான பங்கர் எண்ணெயையே எரிக்கலாம்; விதி அதை ஏற்கிறது. பெரும்பாலான கருவிகள் கடல்நீரால் புகையைக் கழுவி, அமிலமும் உலோகத் துகள்களும் கலந்த நீரைக் கடலிலேயே விடுகின்றன. வானத்து அழுக்கைக் கடலுக்கு மாற்றும் இந்த ஏற்பாட்டைத் தீர்வு என்று அழைக்க எமக்கு மனமில்லை. சிங்கப்பூர் 2020 முதல் தன் துறைமுக நீரில் இதைத் தடுத்துள்ளது. டென்மார்க் 2025 ஜூலை முதல். தூத்துக்குடியின் அருகே மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளும் பவளப் பாறைகளும் உள்ளன. அங்கே வலை வீசும் குடும்பங்களுக்கு இது உணவுப் பிரச்சினை.

கார்பன் குறைப்புக்கான தனி விதிமுறை 2025 அக்டோபரில் ஓராண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைப்பை முன்மொழிந்தது சவூதி அரேபியா. 57 நாடுகள் ஆதரித்தன, 49 எதிர்த்தன. எண்ணெய் விற்கும் நாட்டின் கணக்கு நமக்குப் புரிகிறது. ஆயினும் அது நம் நிலைப்பாடு ஆக வேண்டியதில்லை. அடுப்பின் புகை அண்டை வீட்டாரைத் தாக்கினால் அதைத் தடுக்கும் உரிமை அவருக்கு உண்டா என்று நம் ஃபிக்ஹு அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விரிவாக விவாதித்துள்ளனர். அடுப்பு கடலில் மிதக்கிறது என்பதால் அண்டை வீட்டாரின் உரிமை குறைந்துவிடாது.

பெரிய விண்ணப்பத்துக்கு ஆண்டுகள் ஆகும். அதற்கு முன் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஐரோப்பிய ஒன்றியத் துறைமுகங்களில் கட்டி நிற்கும் கப்பல்கள் 2010 முதலே 0.1 விழுக்காட்டு எண்ணெயைத்தான் எரிக்க வேண்டும். சென்னை, எண்ணூர், தூத்துக்குடித் துறைமுகங்களுக்கும் இதே விதியை நாம் கேட்கலாம். கரையிலிருந்து மின்சாரம் கொடுத்து, நிற்கும் கப்பலின் இயந்திரத்தை அணைத்தே வைக்கவும் கேட்கலாம். ஜமாஅத்துகளும் மீனவர் சங்கங்களும் ஒன்றாகக் கையெழுத்திட்டு மத்தியக் கப்பல் துறைக்கும் நம் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் மனு அனுப்பலாம். துறைமுகத்தை ஒட்டிய பள்ளிக்கூடங்களின் அருகே காற்றின் கந்தக அளவை ஆண்டு முழுவதும் அளந்து வெளியிட வேண்டும் என்பது அம்மனுவின் முதல் கோரிக்கையாக இருக்கட்டும்.