கீசருக்கும் ஒரு டிபால்ட் செட்டிங் உண்டு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் ஒன்று டிபால்ட் செட்டிங். நிறுவனம் எப்படி அமைத்துத் தருகிறதோ, யாரும் கை வைக்காதவரை அது அப்படியே இருக்கும். நம்மில் பெரும்பாலோர் அதை மாற்றுவதே இல்லை. கம்ப்யூட்டரில் இதனால் ஒரு பைலோ, ஒரு பாஸ்வேர்டோ போகலாம். இதே பழக்கம் குளியலறைக் கீசரிலும் தொடர்ந்தால், உடம்பு வெந்து போகும்.

டேங்க் உள்ள கீசரில் தெர்மோஸ்டாட் என்று ஒரு பாகம் உண்டு. தண்ணீர் குறிப்பிட்ட சூட்டை அடைந்ததும் அது கரண்டைத் துண்டித்துவிடும். எந்த அளவில் துண்டிக்க வேண்டும் என்பதைக் கீசரில் உள்ள திருகு முடிவு செய்கிறது. பல கீசர்களில் இந்தத் திருகைச் சுற்றி டிகிரி எண்களே இருக்காது. சில புள்ளிகள் மட்டும் இருக்கும். மாட்டிக் கொடுப்பவர் அதை முழுவதும் திருப்பி வைத்துவிட்டால், வருடக் கணக்கில் அப்படியே இருக்கும்.

சூடு எவ்வளவு இருந்தால் ஆபத்து? 60 டிகிரி செல்சியஸ் தண்ணீர், பெரியவர்களின் தோலைக்கூட சுமார் 5 விநாடிகளில் ஆழமாகப் புண்ணாக்கிவிடும். 49 டிகிரியில் அதே புண் ஏற்படப் பல நிமிடங்கள் ஆகும். 11 டிகிரிதான் வித்தியாசம். ஆனால் குழாயை மூடவோ, குழந்தையைத் தூக்கவோ நமக்குக் கிடைக்கும் நேரம் அந்த 11 டிகிரியில்தான் இருக்கிறது. குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் தோல் மெல்லியது என்பதால் இன்னும் சீக்கிரமே வெந்துவிடும்.

டிபால்ட்டை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம். அங்கே 1977ல் சோதித்த வீடுகளில் 80 சதவீதத்தில் குழாய் நீரின் சூடு 54 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தது. 1983ல், புதிய ஹீட்டர்களை 49 டிகிரியில் அமைத்தே விற்க வேண்டும் என்று சட்டம் வந்தது. 1988ல் சோதித்தபோது 77 சதவீத வீடுகளில் சூடு 54 டிகிரிக்குக் கீழே இருந்தது. வெந்நீர்க் காயங்களும் குறைந்தன. வீட்டுக்காரர்கள் திருகைத் திருப்பவே வேண்டியிருக்கவில்லை. நிறுவனங்கள் திருப்பி அனுப்பின, அவ்வளவுதான். நம் ஊரில் விற்கும் கீசர்களும் அப்படியே வர வேண்டும், திருகில் டிகிரி எண்களும் அச்சிடப்பட வேண்டும் என்பது என் கருத்து.

எங்கள் வெம்பாக்கம், ஆரணி பக்கம் பட்டு நூலில் உள்ள பசையை நீக்க, கொதிநிலையை ஒட்டிய சூட்டில் சோப்பு நீர் தேவைப்படுகிறது. குளிக்க அது எதற்கு? இங்கே குழாயில் வரும் தண்ணீரே ஏறக்குறைய 25 டிகிரி இருக்கும். குளிக்க 40 டிகிரி போதும். 20 லிட்டர் பக்கெட் நீரை அந்தச் சூட்டுக்குக் கொண்டுவரத் தேவைப்படுவது சுமார் 0.35 யூனிட் மின்சாரம். ஆனால் 15 லிட்டர் டேங்கை 75 டிகிரிக்கு ஏற்ற 0.87 யூனிட் ஆகிறது. ஒருவர் மட்டும் குளித்தால் மீதி வெந்நீர் டேங்கிலேயே ஆறி வீணாகும். உப்புத் தண்ணீர் உள்ள ஊர்களில், சூடு கூடக் கூட ஹீட்டர் ராடில் உப்பும் அதிகமாகப் படியும்.

அதற்காக ஒரேயடியாகக் குறைத்துவிடவும் கூடாது. நிமோனியாவை உண்டாக்கும் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வெதுவெதுப்பான நீரில் வளரும். அதனால் வெந்நீரை 60 டிகிரியில் சேமிக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எனவே பக்கெட்டில் கலந்து குளிக்கும் வீடுகளில் 60 டிகிரி வைக்கலாம். ஆனால் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகுதான் வெந்நீர். குழந்தைகளோ முதியவர்களோ தாங்களே குழாயைத் திறக்கும் வீடுகளில் 50 டிகிரி வைத்து, வாரம் ஒருமுறை பெரியவர் ஒருவர் 60க்கு ஏற்றி, அந்த வெந்நீரைத் திறந்துவிடலாம். 60க்கு மேல் எந்த வீட்டிலும் தேவையில்லை.

திருகில் எண் இல்லாவிட்டால், சூடு ஏறி விளக்கு அணைந்ததும் குழாயை ஒரு நிமிடம் ஓடவிட்டு, ஒரு டம்ளரில் பிடித்து, சமையலறைத் தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் வேண்டாம். அது 42 டிகிரி வரைதான் காட்டும்.

கம்ப்யூட்டரில் எல்லோரும் மாற்றக்கூடிய செட்டிங்ஸ் உண்டு, அட்மினிஸ்ட்ரேட்டர் மட்டுமே தொடக்கூடியவையும் உண்டு. கீசரிலும் அப்படித்தான். வெளியே உள்ள திருகு உங்களுடையது. அது மூடிக்கு உள்ளே இருந்தால் எலக்ட்ரீஷியனை அழையுங்கள். அவர் மூடியைக் கழற்றும் முன் ஸ்விட்ச்சோடு எம்.சி.பி.யும் இறக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தெர்மோஸ்டாட் பழுதானால் காப்பாற்றுவது தெர்மல் கட்அவுட். அது அடிக்கடி விழுகிறது என்று ஒயரை நேராக இணைக்கச் சொல்லாதீர்கள். சொட்டுகிறது என்று பிரஷர் வால்வையும் அடைக்காதீர்கள். இரண்டையும் முடக்கினால் டேங்க் வெடிக்கவும் கூடும்.

கம்ப்யூட்டரின் வால்பேப்பரை வாங்கிய அன்றே மாற்றிவிடுகிறோம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம் ஒதுக்கி, கீசரின் திருகு எங்கே நிற்கிறது என்றும் பார்த்துவிடுங்களேன்!