கைத்திறனை மின்சாரம் தருமா?

எழுபதுகளில் தமிழகத்திலிருந்து பெங்களூருக்கு ரயிலேறிய இளைஞர்கள் பலருடைய டிரங்குப் பெட்டியில், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தோடு இன்னொரு காகிதமும் இருந்தது: டைப்ரைட்டிங் ஹையர் சர்டிபிகேட். நிமிடத்துக்கு 45 சொல். இடது கைக்கு ‘ஏ எஸ் டி எஃப்’, வலது கைக்கு ‘செமிகோலன் எல் கே ஜே’ என்று மாதக் கணக்கில் தட்டித் தட்டிப் பெற்ற வேகம் அது. அந்த வேகம்தான் பிறகு பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது.

தலையில் ஒரு பட்டையைக் கட்டி மெல்லிய மின்சாரம் செலுத்தினால் கைகள் சீக்கிரம் பழகிவிடும் என்று சொல்லி, அண்மை ஆண்டுகளில் வெளிநாடுகளில் கருவிகள் விற்பனைக்கு வந்தன. கையை நம்பிப் பிழைக்கும் நாம் இதன் உண்மையைத் தெரிந்துகொள்வது நல்லது.

வலது கையை இயக்குவது மூளையின் இடது பாதி. இடது கையை இயக்குவது வலது பாதி. இரண்டையும் ஒரு தடித்த நரம்புக் கற்றை இணைக்கிறது. ஒரு கையால் வட்டமும் மறு கையால் சதுரமும் ஒரே சமயத்தில் வரைந்து பாருங்கள். இரண்டும் கோணலாகும். ஒரு கையின் போக்கு மறு கையையும் இழுப்பதே காரணம். தையல் மிஷினில் ஒரு கை துணியைத் தள்ள, மறு கை அதைத் திருப்புகிறதே, அந்த ஒத்திசைவு பிறவியில் வந்ததல்ல, பழக்கத்தில் வந்தது.

மண்டையைத் திறக்காமல் மூளையைத் தூண்ட இரண்டு முறைகள் முக்கியமானவை. 1985-ம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் அந்தோணி பார்க்கர் குழுவினர், காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டிக் கைத் தசையை அசைத்துக் காட்டினார்கள். 2000-ம் ஆண்டில் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் நிட்ஷே, பவுலஸ் என்ற இருவர், ஒரு மில்லி ஆம்பியர் அளவு மின்சாரமே கையை இயக்கும் மூளைப் பகுதியின் விழிப்பை மாற்றுகிறது என்று நிறுவினார்கள். இதைப் பழைய ‘ஷாக்’ வைத்தியத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இதில் மயக்க மருந்து இல்லை. வலிப்பை வரவழைப்பதும் நோக்கமல்ல.

பலன் என்ன? 2009-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், மின்தூண்டலோடு ஐந்து நாள் பழகியவர்கள், போலித் தூண்டலோடு பழகியவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். இரு சாராருமே ஐந்து நாளும் பழகினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அதுவும் ஒரு கை வேலைதான். இரு கை வேலைகளில் நடந்த சோதனைகளோ ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. செலுத்தும் மின்சாரத்தில் பெரும்பகுதி தோலிலும் மண்டை ஓட்டிலுமே கழிந்துவிடுகிறது.

ஆகவே, உடல் நலமாக உள்ளவர்கள் வேலையில் வேகம் வேண்டி இந்தக் கருவியை வாங்கிப் பணத்தைப் பாழாக்க வேண்டாம் என்பதே நமது அபிப்பிராயம். வீட்டில் தாமே செய்துகொண்டால் தோல் புண்ணாகலாம். ஒரு திறமை கூடும்போது இன்னொன்று குறையவும் கூடும் என்று 2016-ல் மூளை ஆராய்ச்சியாளர்கள் பலர் சேர்ந்து எச்சரித்தார்கள்.

அதற்காக இந்த விஞ்ஞானத்தையே தள்ளிவிடவும் முடியாது. நம் ஓசூர் ரோட்டு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில், இல்லாத குரல் காதில் கேட்கும் மனநோயாளிகளுக்கு இம்முறையைப் பயன்படுத்தி ஆராய்ந்திருக்கிறார்கள். பக்கவாதத்தால் ஒரு கை விழுந்தவருக்கு, கைப்பயிற்சியோடு இதையும் சேர்த்தால் உதவுமா என்று பல நாடுகளில் பார்க்கிறார்கள். அது டாக்டர் முன்னிலையில் நடக்க வேண்டிய காரியம். வலிப்பு நோய் உள்ளவர்களும், தலைக்குள் உலோகம் பொருத்தப்பட்டவர்களும் அதை டாக்டரிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.

நம்மவர்களுக்கு உண்மையில் கிடைக்காதது கருவி அல்ல, அவகாசம். கை விழுந்த தையல்காரர், கூலி போகிறதே என்று பயிற்சியைப் பாதியில் விட்டுவிடுகிறார். இ.எஸ்.ஐ. உள்ளவருக்கு நோய்க்கால உதவியாகக் கூலியில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள் வரை உண்டு. பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவருக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அதற்கு மேலும் நீட்டித்த உதவி உண்டு. இது தெரியாமலேயே பலர் இருந்துவிடுகிறார்கள். தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

இன்னொரு அச்சமும் நமக்கு உண்டு. மணிக்கு இத்தனை உருப்படி என்று டார்கெட் வைக்கும் இடத்தில், நாளை இந்தப் பட்டையையும் கட்டிக்கொள் என்று தொழிலாளியிடம் சொல்லும் நிலை வந்துவிடக் கூடாது. கையின் உழைப்புக்குத்தான் கூலி வாங்குகிறோம். தலையை யாருக்கும் வாடகைக்கு விடவில்லை.