செவ்வாயிலிருந்து அபர்தீனுக்கு

அறிவியல் புனைகதைப் பக்கமே தலைவைத்துப் படுக்காத ஒருவர், படிக்க ஏதாவது சொல்லுங்களேன் என்று கேட்டால், தேர்ந்த வாசகர் உடனே அசிமோவின் ஃபவுண்டேஷன் வரிசை முழுவதையும் அடுக்கிவிடுகிறார். கேட்டவர் அதோடு சரி. முதல் புத்தகத்தைக் கேட்பவரின் ஊரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது நம் கட்சி. அந்தமானின் ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் ஹேவ்லாக் கப்பலுக்குக் காத்திருப்பவரிடம் எச்.ஜி. வெல்ஸின் 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' (1898) நாவலைக் கொடுக்கலாம். செவ்வாயிலிருந்து இறங்கியவர்கள் வெப்பக்கதிரால் இங்கிலாந்தைப் பொசுக்குகிறார்கள். பீரங்கி இருந்தும் ஆங்கிலேயரின் பாச்சா பலிக்கவில்லை. டாஸ்மேனியப் பழங்குடிகளுக்கு நேர்ந்ததை முதல் அத்தியாயத்திலேயே வெல்ஸ் தன் நாட்டவருக்கு நினைவூட்டிவிடுகிறார். ஃபீனிக்ஸ் பேக்குப் பக்கத்து அபர்தீனில் இது நடந்து முடிந்த கதை. 1858-இல் கைதிகளோடு ஆங்கிலேயரின் கப்பல்கள் வந்தன. 1859 மே மாதம் கிரேட் அந்தமானியர்கள் வில்லும் அம்புமாகத் திரண்டார்கள். அவர்களோடே ஓராண்டு வாழ்ந்த துத்நாத் திவாரி என்ற தப்பியோடிய கைதி முன்கூட்டியே துப்புக் கொடுத்துவிட, துப்பாக்கிகள் தயாராகக் காத்திருந்தன. நாவலில் பூமியின் கிருமிகள் வந்தேறிகளைக் கொல்கின்றன. இங்கே கிருமியும் வந்தேறிகளோடுதான் வந்தது: 1877-இல் தட்டம்மை, கூடவே மேகநோய். சில ஆயிரம் பேராக இருந்த இனம் 1961-இல் 19 பேர்.

பொழுதுபோக்குக்குக் கேட்டவர் தலையில் இத்தனை பாரமா என்று கேட்கலாம். இந்த வரலாறு எதுவும் தெரியாதவரையும் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுகிற கதை அது. தெரிந்தவருக்குத்தான் தூக்கம் கெடும். சுஜாதா இருக்க வெள்ளைக்காரன் எதற்கு என்ற கேள்விக்கு வலு அதிகம். 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் தொடராக வந்து, அறிவியல் புனைகதை என்ற பெயரைக்கூடக் கேட்டிராத வீடுகளுக்குள் ஜீனோ என்ற இயந்திர நாயைக் கொண்டுபோனது. சென்னைக்காரருக்கு அதையே முதலில் சொல்வோம். அந்தக் கதையில் வரும் அதிகாரமும் கண்காணிப்பும் அவர் அன்றாடம் பார்ப்பவை. தீவுக்காரருக்கு நெருக்கமானது கரையேறி வருகிறவனின் கதை. அப்படியானால் அந்தமானே வரும் கானன் டாயிலின் 'தி சைன் ஆஃப் தி ஃபோர்' (1890) இன்னும் பொருத்தமாயிற்றே என்பார்கள். அதில் வரும் அந்தமானியன் நச்சு முள்ளைக் குழலில் வைத்து ஊதிக் கொல்கிறான். ஊதுகுழல் இந்தத் தீவினரின் ஆயுதமே அல்ல. அவர்களை நரமாமிசம் தின்பவர்கள் என்றும் அந்தப் புத்தகம் கூசாமல் சொல்கிறது. ஊர்ப்பெயர் அச்சில் வந்தால் போதாது, ஊர் பட்ட பாடு வர வேண்டும். அது எட்டு ஆண்டு கழித்து, அந்தமானின் பெயரையே எடுக்காத வெல்ஸிடம் கிடைத்தது. அவர் இறந்தது 1946-இல். இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. அபர்தீன் சண்டையைச் சொல்லும் நான்கு பக்க முன்னுரையோடு ஒரு மலிவுப் பதிப்பைத் தமிழில் கொண்டுவர யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.